போரில் கடுமையாகக் காயப்பட்டவர்களுக்கு வேலை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயப்பட்டவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கிற ஒரு சின்னக் குழுவோடு யாழ்ப்பாணத்தில் சில வருடமாக ஓடித்திரிகிறேன். வலிகாமம் என்றாலும் வடமராட்சி என்றாலும், விறாந்தையில் கதிரையைப் போட்டு இருத்தித் தேத்தண்ணி தந்ததும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன். சண்டை முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதென்ன கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 2009இல் இருபது வயதில் கால் போனவருக்கு இன்னும் நாற்பதே ஆகவில்லை.

"தொழில் மறுவாழ்வு எண்டுறியள். கோழி தரப்போறியளோ, தையல் மெசின் தரப்போறியளோ?"

இரண்டும் இல்லை. கோழியோடு எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் ஐம்பது குஞ்சைக் கொண்டுவந்து இறக்கி, படமும் எடுத்துக்கொண்டு, தீன் என்ன விலை என்று ஒரு வார்த்தை கதைக்காமல் போய்விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையிலும் விரல்கள் மடங்காத ஒருவருக்குக் கிடைத்த தையல் மெசின் இன்றைக்கும் பொலித்தீன் கழற்றாமல் சாமிப்படத்துக்குக் கீழே நிற்கிறது, அதன்மேல் பூத்தட்டு வைக்கிறார்கள்.

தொழில் மறுவாழ்வில் முதலில் ஆளைத்தான் பார்ப்பது. காயத்துக்கு முன் என்ன தெரியும், இப்போது உடம்பு எதற்கு ஒத்துக்கொள்கிறது, எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எது பிடிக்கும், எதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, ஊரில் ஆருக்கு ஆள் தேவை. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பயிற்சியா, கருவியா, கடனா, சம்பள வேலையா என்ற பேச்சு. சிலருக்கு அந்தக் கடைசியில் கோழியே சரி என்று வரும், அப்போது கோழி.

"அப்ப இந்த 'ஆதரவு வேலைவாய்ப்பு' எண்டுறது வேற ஒண்டோ?"

அதே மரத்தின் ஒரு கிளை. பழைய முறையில் முதலில் பயிற்சி, சான்றிதழ், பிறகு வேலை. எங்கள் ஊரில் அந்தச் சான்றிதழ் பிரேம் போட்டுச் சுவரில் தொங்கும், ஆள் வீட்டில் இருப்பார். ஆதரவு வேலைவாய்ப்பில் அதைத் தலைகீழாக்குவது: முதலில் உண்மையான கடையில், உண்மையான சம்பளத்துக்கு வேலை, பிறகு அந்த இடத்திலேயே பழக்குவது. கூட ஒருவர் நின்று பழக்குவார். அவரை வேலைத்துணை என்று நாங்கள் கூப்பிடுகிறோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. காயப்பட்டு வந்த படைவீரருக்குத் தொழிற்பயிற்சி கொடுக்க அமெரிக்கா 1918இலேயே, முதலாம் உலகப் போர் முடியுமுன்னே சட்டம் போட்டது. கூடவே நின்று பழக்குகிற முறை அங்கே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக வளர்ந்து, 1986இல் சட்டத்துக்குள் வந்தது. பிறகு மனநோய் உள்ளவர்களுக்கும், தலையில் அடிபட்டவர்களுக்கும், போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் பரவியது. ஆக, "இவரால் இனி ஏலாது" என்று முதலில் ஒதுக்கப்பட்டவர்களுக்காக வந்த முறைதான் இது.

"இயக்கத்தில இருந்தவைக்கு மட்டுமோ? நான் சனத்தோட சனமா நிண்டு செல்லடியில காயப்பட்டனான்."

எல்லாருக்கும். அரச படையில் காயப்பட்டவர்களுக்கு றாகமையில் ரணவிரு செவன என்ற புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, 1999இல் சட்டத்தால் உருவான ரணவிரு சேவை அதிகாரசபை இருக்கிறது. முன்னாள் போராளிகளில் ஏறத்தாழ 12,000 பேர் 2009க்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு நிலையங்களுக்குப் போய்வந்தார்கள், அங்கே சில தொழிற்பயிற்சிகளும் நடந்தன. பங்கருக்குள் இருந்தும் காயத்துக்குத் தப்பாத சனத்துக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. எங்கள் படிவத்தில் "எந்தப் பக்கம்" என்று ஒரு கட்டம் கிடையாது. எந்தக் காலுக்கு, எவ்வளவு உயரத்தில் என்றுதான் கேட்போம்.

"முழங்காலுக்கு மேல கால் இல்லை. கடையில நிண்டு வேலை செய்யலாமோ?"

நிற்கலாம், நாள் முழுக்க வேண்டாம். முழங்காலுக்கு மேலே போனவர் செயற்கைக் காலோடு நடக்க மற்றவர்களைவிட நிறையச் சக்தி செலவாகிறது, மத்தியானத்துக்குள் களைத்துவிடுவார். அப்புறம், காலின் மிச்சப் பகுதி காலையில் இருந்த அளவில் பின்னேரம் இருக்காது. நடக்க நடக்கச் சுருங்கும், செயற்கைக் காலின் குழிக்குள் ஆடத் தொடங்கும், ஆடினால் உரசும், உரசினால் புண். இதற்குத்தான் கூட ஒரு சோடி துணி உறை வைத்திருக்கச் சொல்வது: பதினொரு மணிக்கு ஒருக்கால் கழற்றி, வியர்வை துடைத்து, தேவைப்பட்டால் இன்னொரு உறை போட்டு மாட்ட வேண்டும். பத்து நிமிடமும் ஒரு மறைவான இடமும் போதும். வேலை கேட்கும்போதே முதலாளியிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

செயற்கைக் கால் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கிறது. ஜெய்ப்பூர் பாதம் 1960களின் கடைசியில் இந்தியாவில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உண்டாக்கியது. செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம் என்பதால் தோட்டக்காரருக்கு மெத்தப் பொருத்தம். வேலைக்குச் சேருமுன் பழைய காலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தின, தளர்ந்துபோன செயற்கைக் காலோடு புது வேலை தொடங்கி இரண்டாம் கிழமை புண்ணோடு வீட்டில் படுத்தவர்கள் பலர்.

"ஒரு கைதான். என்ன செய்யலாம்?"

நிறைய. இரண்டாவது கை எதற்குத் தேவை என்று பாருங்கள், பெரும்பாலும் சாமானை ஆடாமல் பிடிப்பதற்குத்தான். அதை மேசையில் பூட்டிய ஒரு கவ்வி செய்துவிடும். போன் திருத்துகிறவர்கள் இரண்டு கை இருந்தும் அப்படிக் கவ்வியில் பிடித்துத்தான் செய்கிறார்கள்.

"இடுப்புக்குக் கீழ இயக்கமில்லை. வீட்டில இருந்தே ஏதும் செய்யிறதுதானே நல்லம்?"

வீட்டில் செய்வது சுலபம், நல்லதா என்பது வேறு. வீட்டில் இருந்தே செய்கிறவர்களில் பலர் மாதக் கணக்கில் கேற்றைத் தாண்டுவதில்லை. வெளியே போக முடியுமா என்பதை முடிவு செய்கிறது படியோ பாதையோ என்று நினைக்கிறோம், உண்மையில் அது கக்கூஸ். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குழாய் விட்டுச் சலம் எடுக்க வேண்டும், சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் போகுமா, உள்ளே திரும்ப இடம் உண்டா, கழுவத் தண்ணீர் எட்டுமா. கடை பார்க்கப் போகும்போது நாங்கள் அளவுநாடாவோடு முதலில் அங்கேதான் போவோம். முதலாளிமார் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவது தெரியாது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, முன்னுக்குச் சாய்ந்து பாரத்தை மாற்றவோ வேண்டும். வேலை மும்முரத்தில் இது மறக்கும், போனில் அதிர்வு வையுங்கள். மூன்றாவது, வெயில். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூட்டை வெளியே தள்ளாது. சித்திரை மாதத்தில் தகரக் கொட்டிலுக்குள் வேலை என்றால் நானே வேண்டாம் என்று சொல்லுவேன். மாங்குளத்தில் உயிரிழை என்று முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே நடத்துகிற அமைப்பு இருக்கிறது. இதையெல்லாம் என்னைவிட அவர்கள் வடிவாகச் சொல்லுவார்கள்.

"இவருக்குத் தலைக்குள்ள பீஸ் கிடக்கு. சொன்னது மறந்துபோவார், சட்டெண்டு கோவம் வரும். இவரை ஆர் எடுப்பினம்?"

பீஸ் என்று சனம் சொல்வது குண்டுச் சிதறலை. கை கால் போனவரைவிட இவருக்கு வேலை தேடுவதுதான் கஷ்டம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் "நடிக்கிறான்" என்ற பட்டம் சுகமாக வந்துவிடும். இவர்களுக்குத்தான் வேலைத்துணை உண்மையிலேயே தேவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, வாயால் சொன்னதை எழுதியும் ஒட்டுவது, தினமும் அதே ஒழுங்கு, சத்தமான இடத்தைத் தவிர்ப்பது. கோபம் பெரும்பாலும் களைப்பில் வருவது. முழுநாள் வேலையை நாலு மணித்தியாலமாக வெட்டினால் பாதி பிரச்சினை தானாகப் போகும்.

வலிப்பு வருபவர் என்றால் ஓடுகிற மெசின், ஏணி, கிணற்றடி, வாகனம் எதுவும் வேண்டாம், வைத்தியரைக் கேட்டுத்தான் மற்றது. இன்னொன்று, வேலையோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: உடம்பில் எங்கே பீஸ் இருந்தாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கும்.

"ராவில நித்திரை இல்லை, வெடி கேட்டா உடம்பு நடுங்குது. முதல்ல அது சுகமாகட்டும், பிறகு வேலை எண்டு வீட்டில சொல்லீனம்."

வீட்டார் அன்பில் சொல்கிறார்கள். ஆனால் "சுகமான பிறகு" என்ற நாள் பலருக்கு வந்ததே இல்லை. இந்தக் கேள்வியை வேறு இடத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்: அமெரிக்காவில் படைவீரர்களுக்கான 12 மருத்துவ நிலையங்களில், போர் மனவடுவோடு வேலையில்லாமல் இருந்த 541 பேரை இரண்டாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. நேரே உண்மையான வேலை தேடிக் கூட நின்ற குழுவில் 38.7 வீதம் பேர் அந்தக் காலத்தில் பாதிக்காவது வேலையில் நிலைத்தார்கள். முதலில் தற்காலிக வேலை கொடுத்துத் தயார்படுத்துகிற பழைய முறையில் அது 23.3 வீதம்.

அதே கணக்கில் நல்ல முறையிலும் நூற்றுக்கு அறுபது பேர் நிலைக்கவில்லை, அதையும் மறைக்கக்கூடாது. வைத்தியமும் வேலையும் ஒன்றாகவே ஓட வேண்டும். கிளினிக் நாளில் லீவு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள், மருந்தை நிற்பாட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கோயில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்துகிற நாட்களில் பின்பக்க அறையில் வேலை கேளுங்கள்.

"வேலைக்குப் போனா மாதக் காசு நிண்டுபோகுமோ?"

மாற்றுத்திறனாளிகளுக்கான அரச கொடுப்பனவு குடும்ப வருமானம் பார்த்துக் கொடுப்பது, எனவே பயம் நியாயமானது. தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் வேலையில் சேருமுன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்டு, பதிலை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். விதானையார் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னா என்பது வேண்டாம். மறைத்துச் சேருவதும் வேண்டாம், ஊரில் ஆரோ ஒருவர் பெட்டிசம் போடுவார்.

சரி, கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். சம்பளத்திலிருந்து போக்குவரத்துச் செலவையும், நின்றுபோகக்கூடிய காசையும் கழித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது இந்தச் சம்பளத்துக்கு வேண்டாத வேலை. அப்படி நானே இரண்டு பேரை மறித்திருக்கிறேன்.

"ஓட்டோக் காசுக்கே சம்பளம் போயிடுமே?"

போகும். அதனால்தான் வேலையை வீட்டிலிருந்து ஒரு மைல் வட்டத்துக்குள் முதலில் தேடுகிறோம். பக்கச் சில்லுப் பூட்டின ஸ்கூட்டி பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. உதவி செய்கிறோம் என்று வருகிறவர்களிடம் கோழிக்குப் பதிலாக அதைக் கேளுங்கள்.

"அரசாங்க வேலையில எங்களுக்கு மூண்டு வீதம் இருக்காம். உண்மையோ?"

உண்மை. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88, அதாவது 1988இல் வந்தது, அரச வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

கடதாசி வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 3 வீதத்தைக் கணக்குப் பார்த்தீர்களோ? ஒரு அலுவலகம் இருபது பேரை எடுத்தால் அதில் உங்களுக்கு வருவது முக்கால் ஆள்கூட இல்லை. முப்பத்துமூன்று வெற்றிடம் வந்தால்தான் ஏறக்குறைய ஒருவர். விண்ணப்பத்தில் சுற்றறிக்கை இலக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி வேறு வேலை தேடாமல் இருக்காதீர்கள்.

"இயக்கத்தில இருந்தனான் எண்டு முதலாளிக்குச் சொல்லவேணுமோ?"

எங்களுக்குள்ளேயே சண்டை வருகிற கேள்வி. என் எண்ணம்: வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். "பாரம் தூக்க ஏலாது, பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் வேணும்" என்பது வேலையைப் பற்றியது. எங்கே, எந்தக் களத்தில் காயம் என்பது உங்களுடையது. கேட்டால் பொய் சொல்லாதீர்கள், ஊர் சின்னது. "சண்டையில காயப்பட்டனான், அதைப் பற்றி இப்ப கதைக்க விருப்பமில்லை" என்று சொல்லுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. இந்த வசனத்தை வீட்டில் நாலு தரம் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.

அந்தக் காலத்தில் படித்த தொழில் வேறு கதை. ஜெனரேற்றர் திருத்தினவர்கள், காயத்துக்கு மருந்து கட்டினவர்கள், வயரிங் செய்தவர்கள் நிறையப் பேர், கையில் ஒரு துண்டுகூட இல்லை. தேசிய தொழில் தகைமையில் முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற வழி இருக்கிறது: வகுப்பில் மாதக்கணக்கில் இருக்காமல், செய்துகாட்டித் தகைமை எடுக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையில் அல்லது நைட்டாவில் (தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை) கேளுங்கள். எங்கே படித்தீர்கள் என்பதைவிடச் செய்யத் தெரியுமா என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள்.

"நான் கடை வைச்சிருக்கிறன். எடுக்க விருப்பம்தான், ஆனா வேகம் குறையும், விழுந்தா ஆர் பொறுப்பு?"

விழுந்தால் மற்றத் தொழிலாளிக்கு என்ன பொறுப்போ அதேதான், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கால் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் உங்களது, அதுவும் எல்லாருக்கும் போல. பாவம் பார்த்து எடுக்காதீர்கள். பாவம் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும், பிறகு எரிச்சல்தான் மிஞ்சும்.

வேகத்துக்கு ஒரு உதாரணம். சுன்னாகப் பக்கம் மிளகாய்த்தூள் பக்கெற் போடுகிற இடத்தில் வலது முன்னங்கை இல்லாத தங்கச்சி ஒருவரைச் சேர்த்தோம். முதல் நாள் மற்றவர்கள் நூறு பக்கெற் போட அவ முப்பதும் போடவில்லை. தராசு வலப்பக்கம், தூள் வாளி இடப்பக்கம், உடம்பைக் குறுக்கே திருப்பித் திருப்பியே நேரம் போனது. தராசை இடப்பக்கம் மாற்றி, பையின் வாய் திறந்தே நிற்க ஒரு கம்பி வளையம் வளைத்து மேசையில் ஆணி அடித்தோம், சீல் பண்ணுகிறதைக் காலால் மிதிக்கிற மெசினுக்கு விட்டோம். கம்பி பழைய குடையிலிருந்து எடுத்தது. மூன்றாம் கிழமை எண்பதைத் தாண்டினா. இப்போது பக்கத்தில் இருக்கிற இரண்டு கைக்காரப் பிள்ளையும் அதே வளையம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறா.

"நீங்கள் எத்தினை நாள் கூட நிப்பியள்?"

முதல் கிழமை முழுநாளும், பிறகு அரைநாள், பிறகு கிழமைக்கு ஒருக்கால், பிறகு போனில். அந்தத் தங்கச்சிக்கு ஐந்து கிழமை போதுமாக இருந்தது. தலையில் காயப்பட்ட ஒருவருக்கு ஒரு வருடம் தாண்டியும் மாதம் ஒருக்கால் போகிறோம், முதலாளி மாறினாலோ கடையை இடம் மாற்றினாலோ மறுபடி முதல் கிழமை மாதிரித்தான்.

"நாங்கள் கனடாவில இருக்கிறம். என்ன வாங்கி அனுப்ப?"

சாமான் வேண்டாம். ஒரு வேலைத்துணையின் ஆறுமாதச் சம்பளம், அல்லது ஒரு கடையின் கக்கூஸ் கதவை அகலமாக்குகிற செலவு. படத்தில் வடிவாக வராது, தெரியும். தம்பிக்கு மாதாமாதம் காசு அனுப்புகிற அண்ணைமாருக்கும் ஒரு சொல்: வேலை கிடைத்த உடனே அனுப்புவதை நிற்பாட்டாதீர்கள். முதல் ஆறு மாதம் விழுந்தால் பிடிக்க ஒரு கயிறு வேண்டும்.

"மூண்டு இடத்தில சேர்ந்து மூண்டையும் விட்டிட்டன். நாலாந்தரமும் வருவியளோ?"

வருவோம். ஆனால் வரும்போது கொப்பியும் கொண்டு வருவோம், மூன்றையும் ஏன் விட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுத. இதைக் கேட்ட அண்ணை முதலில் "எனக்குப் பொறுமை இல்லை" என்றார், இரண்டாவதுக்கும் அதையே சொன்னார். மூன்றாவது இடத்தைத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் வந்தது: கக்கூஸ் திறப்பு மேல்மாடியில் முதலாளியின் லாச்சிக்குள் இருந்ததாம், ஒவ்வொரு தரமும் ஒரு பொடியனைக் கூப்பிட்டு எடுத்துவரச் சொல்ல வேண்டுமாம், வெட்கத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து கடைசியில் சலத்தில் கிருமி பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் நாலு நாள். நாலாவது கடையில் சேரும்போது சம்பளம் பேசுவதற்கு முன்னரே இரண்டாவது திறப்பு ஒன்று வெட்டுவித்தோம். அதைச் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ஒரு நூலில் கட்டி வைத்திருக்கிறார்.